பதினொரு முறை நலம்

மார்ச் 3, செவ்வாய்

மத்தியானம் எழுதுகிறேன். காலையில் எனக்கும் பேனாவுக்கும் ஆகாது. வக்கீலம்மா உத்தரவு: "தினமும் எதெது முடியலையோ அதை எழுதி வைங்க." பள்ளிக்கூடத்தில் கட்டுரை நோட்டைத் தொலைத்தவனுக்கு ஐம்பத்திரண்டு வயதில் வீட்டுப்பாடம்!

ஆறு வருடமாக முடக்குவாதம். காலையில் விரல்கள் விறைத்து நிற்கும், பத்து மணிக்கு மேல்தான் மடங்கும். ஸ்பேர் பார்ட்ஸ் ஸ்டோரில் எப்பேர்ப்பட்ட துருப்பிடித்த போல்ட்டையும் எண்ணெய் விட்டு இளக்கிவிடுவேன். என் விரல் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. ஆறு மணி ஷிப்டுக்குப் பிந்திப் பிந்திப் போய்க் கடைசி எச்சரிக்கைக் கடிதமும் வாங்கியாயிற்று. இன்னொரு நாள் பிந்தினால் வேலை போய்விடும். பத்து மணி ஷிப்ட் கேட்டேன். "மூட்டு வலி யாருக்குத்தான் இல்ல?" என்றார் மேனேஜர்.

நான் மாற்றுத்திறனாளி என்று நிரூபித்துவிட்டால், சட்டப்படி ஷிப்டை மாற்றித்தான் ஆக வேண்டுமாம். வக்கீலம்மா மூலம் கம்பெனி மேல் மனுப் போட்டிருக்கிறேன். எனக்கு இருந்த திறனே கொஞ்சம். அதில் மாற்று வேறா?

மார்ச் 4

இன்று எல்லாம் ஒழுங்காக நடந்தது. எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 5

நேற்று எழுதியதை மகள் படித்துவிட்டாள்.

"ஒண்ணும் இல்லையா? உங்க சட்டை பட்டனை யாருப்பா போட்டது?"

"அம்மா."

"பேஸ்ட் மூடி?"

"நீதான்."

"ஷூ லேஸ்?"

லேஸ் இல்லாத ஷூவுக்கு மாறி இரண்டு வருடம் ஆகிறது.

"அப்ப ஒண்ணும் இல்லன்னே எழுதுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டிலேயே இப்படி ஒரு வக்கீல் இருக்க, வெளியில் ஒருவர் எதற்கு?

மார்ச் 11

மாட்டிக்கொண்டேன். கம்பெனி வக்கீல் என் ஆஸ்பத்திரி ஃபைலின் நகலை வாங்கியிருக்கிறார். ஆறு வருடத்தில் பதினொரு தடவை பெரிய டாக்டரைப் பார்த்திருக்கிறேன். பதினொரு தடவையும் அவர் எழுதியது ஒரே வரி: 'நலமாக இருப்பதாகக் கூறுகிறார்.'

கூறியது நான்தானே! "எப்படி இருக்கீங்க?" என்பார். "ராஜா மாதிரி இருக்கேன் டாக்டர்" என்பேன். ஒரு மனிதர் மரியாதைக்குக் கேட்கும்போது மூக்கைச் சிந்துவதா?

"உங்க வாய் இருக்கே..." என்று ஆரம்பித்த மனைவி, முடிக்காமல் உள்ளே போய்விட்டாள். திட்டித் தீர்த்திருந்தால் தேவலை. மகள் படிப்பு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. என்னை இனிமேல் எவன் வேலைக்கு வைப்பான்? நானே வைக்கமாட்டேன்.

மார்ச் 12

நாலு மணிக்கே எழுந்து வெந்நீரில் கையை ஊறப் போட்டேன். ஸ்டோர் வாசலில் 5.58. தப்பித்தேன்.

ஏப்ரல் 9, வியாழன்

விசாரணை. கம்பெனி வக்கீல் பதினொரு 'நல'த்தையும் தேதியோடு, நேரத்தோடு வாசித்தார். ஐந்தாவதில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பின்னாலிருந்து மகள் முதுகில் ஒரு குத்து விட்டாள்.

விசாரணை அதிகாரி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "எல்லாமே சாயங்காலம் நாலு மணியா இருக்கே?"

"ரெண்டு மணிக்குத்தான் ஷிப்ட் முடியும் சார்."

"நாலு மணிக்குக் கை எப்படி இருக்கும்?"

"நல்லா மடங்கும் சார். அதான் நல்லா இருக்கேன்னு சொன்னேன்."

"இதையே காலையில ஆறு மணிக்கு யாராவது கேட்டிருந்தா?"

ஏதாவது வேடிக்கையாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வெளியே வந்தது வேறு. "குழாயைத் திறக்க முடியாது சார்... பாத்ரூம்ல கூட... வீட்டுக்காரிதான்..."

ஐயோ, அத்தனை பேருக்கு முன்னால்! காது இரண்டும் சுட்டது. மகள் இருக்கிறாளே என்று அப்புறம்தான் உறைத்தது. யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். வக்கீலம்மா இந்த நோட்டின் நகலையும் எடுத்துக் கொடுத்தார். மேனேஜரைப் பற்றி எழுதியதும் சேர்ந்து போயிருக்கும். போகட்டும்.

ஜூன் 1, திங்கள்

தீர்ப்பில் கிடைத்த பத்து மணி ஷிப்டின் முதல் நாள். ஒன்பதே முக்காலுக்கு கேட்டில் நுழைந்தேன். "என்ன சார், மாப்பிள்ளை மாதிரி ஆற அமர வர்றீங்க?" என்றார் காவலாளி. மேனேஜர் என்னைப் பார்த்தார். பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஸ்டோர் சாவியை நீட்டினார்.

ஜூன் 4

பெரிய டாக்டர். முதல் தடவையாகக் காலை எட்டு மணிக்கு. கதவைத் திறந்துவிட மனைவியும் வந்தாள்.

"எப்படி இருக்கீங்க?"

ராஜா தொண்டை வரை வந்துவிட்டார். அவரை விழுங்கிவிட்டு, இரண்டு கையையும் மேஜை மேல் வைத்தேன்.