அக்கா அனுப்பிய படம்

செவ்வாய்க்கிழமை, வெள்ளவத்தை

காலையில் கனடாவிலிருந்து அக்கா ஒரு படம் அனுப்பினாள். போர் முடிந்த நாட்களில் ஒரு முகாம் வாசலில் நின்ற இராணுவத்தினர். அதில் ஒருவர் எங்கள் கீழ்வீட்டு ரஞ்சித். லிப்ட் பழுதான அன்று, மூச்சுத் திணறிய அம்மாவை நான்கு மாடியும் தூக்கிக்கொண்டு இறங்கியவர். நான் அவரை மல்லி, சிங்களத்தில் தம்பி, என்றுதான் கூப்பிடுவேன்.

எங்கள் தம்பி சரணடைந்தது அந்த முகாமில்தான். அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அங்கே பலரைச் சுட்டதாகச் சொல்கிறார்கள்.

"இவன்தானடி தம்பியைச் சாக்காட்டினவன். இனி இவனோட கதைக்காதை," என்று அக்கா போனில் அழுதாள்.

"அங்க நிண்டவர் எண்டுதான் படம் சொல்லுது அக்கா. சுட்டவர் எண்டு சொல்லேல்லை. முதல் அவரிட்ட கேக்கிறன்."

பின்னேரம் கீழே போய்ப் படத்தைக் காட்டி, தம்பி அங்கேதான் சரணடைந்தான் என்று சொன்னேன். ரஞ்சித் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"நான்தான் அக்கே," என்று சிங்களத்தில் சொன்னார். "வாசலில் காவல் நின்றேன். ஆட்களை பஸ்ஸில் ஏற்றிப் போனார்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை."

"விசாரணை வந்தால் இதைச் சொல்வீர்களா, மல்லி?"

அவர் மனைவி தேநீர்க் கோப்பையோடு அப்படியே நின்றாள்.

"சொல்வேன்," என்றார். பிறகு தம்பியின் பெயரைக் கேட்டார். ஞானசேகரன் என்றேன்.

அவர் சொன்னது முழு உண்மையா, தெரியாது. நம்புகிறேன் என்று இந்த நாட்குறிப்பில் எழுதி, பிறகு கோடு போட்டு அடித்துவிட்டேன். நம்பவில்லை என்று எழுதவும் மனம் வரவில்லை. நான் படியேறும்போது, அவர் அந்தப் பெயரைத் தனக்குள் சொல்லிப் பார்ப்பது கேட்டது. முதலில் தடுமாறினார். இரண்டாம் தரம் சரியாகச் சொன்னார்.