எதிர்க்கடைக்கு ஆள் பிடிக்கும் அம்மா

அன்பு மகள் சின்னக்குட்டிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம், கடைதான் கொஞ்சம் சுகமில்லாமல் இருக்கிறது. நீ, மாப்பிள்ளை, பேத்தி எல்லோரும் சுகம்தானே. நாற்பது வயதானவளைப் போய் சின்னக்குட்டி என்கிறாரே என்று மாப்பிள்ளை சிரித்தால் சிரிக்கட்டும், எனக்கு வேறு பேர் வாயில் வராது.

கடைக்கு என்ன கேடு என்று கேட்பாய், எல்லாம் உன் அம்மாதான். நூலகத்தில் ஒரு லேடி டாக்டர் பேசுகிறார் என்று பக்கத்து வீட்டு டீச்சரோடு போனாள், போகும்போது நன்றாகத்தான் போனாள். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதும் வளரும் வயதிலும் உடம்பில் சேருகிற ஹார்மோன்கள், ஹார்மோன் மாதிரி வேஷம் போடும் சில பொருள்கள், இவை பெண்பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டலாம் என்றாராம். பிளாஸ்டிக்கில் இருப்பவற்றைப் பற்றி இன்னும் ஆராய்ச்சி நடக்கிறது என்றும் சொன்னாராம். பிளாஸ்டிக் என்ற சொல் அவளோடு வீடு வரைக்கும் வந்துவிட்டது, ஆராய்ச்சி என்ற சொல் நூலக வாசலிலேயே நின்றுவிட்டது. முப்பது வருஷமாகப் பிளாஸ்டிக் சாமான் விற்றுச் சோறு போடுகிறவன் வீட்டில் இன்று ஒரு டப்பா கிடையாது. வீட்டோடு போகட்டும் என்று பார்த்தால், மறுநாள் கடைக்கே வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுவிட்டாள். வாளி, கூடை வாங்குகிறவர்களை ஒன்றும் சொல்வதில்லை. டப்பாவில் கை வைத்தால் போதும், வீட்ல சின்னப் பிள்ளை இருக்கா, இதுல சூடா ஏதாச்சும் ஊத்துவியா என்று விசாரணை. ஆமாம் என்றால் எதிரே இருக்கும் எவர்சில்வர் கடைக்குக் கை காட்டி அனுப்பிவிடுகிறாள். வேலியே பயிரை மேய்கிற கதைதான். எதிர்க்கடைக்காரனுக்கு வாயெல்லாம் பல், அக்கா இங்கயே வந்து உக்காருங்க, ஃபேன் காத்து நல்லா வரும் என்று சொல்லி அனுப்புகிறான். உன் தம்பியோ, அவர்கிட்ட கமிஷனாவது கேக்கலாம்பா என்கிறான். நான் எவ்வளவு சொல்லியும் அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

பொறுத்துப் பார்த்து, அந்த டாக்டர் வாயாலேயே இவளை அடக்கலாம் என்று அவருடைய கிளினிக்குக்கே கூட்டிக்கொண்டு போனேன். காத்திருக்கும் இடத்தில் நான் ஒருவன்தான் ஆண்பிள்ளை. எல்லோரும் என்னையே பார்க்க, நான் சுவரில் இருந்த கர்ப்பப்பை படத்தைப் பரீட்சைக்குப் படிக்கிறவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே போனதும் டப்பா வழக்கை எடுத்து வைத்தேன். சூடான சாப்பாட்டை அதுல வைக்காதீங்க, பிள்ளைங்க விஷயத்துல கூடுதல் கவனமா இருங்க, வாளியைக் கண்டு பயப்பட ஒண்ணும் இல்ல என்றார் டாக்டர். வழக்கில் ஜெயித்துவிட்டேன் என்று எழுந்தேன், உன் அம்மா எழுந்திருக்கவில்லை. கைப்பை வாரைத் திருகிக்கொண்டே, டாக்டர், என் மக வயித்துல இருந்தப்போ நான் ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டேன் என்றாள்.

உனக்கு முன்னால் இரண்டு கலைந்துபோனது உனக்குத் தெரியும். நீயாவது நிலைக்கவேண்டும் என்று அப்போதிருந்த டாக்டர் கொடுத்த மாத்திரை அது. நூலகத்தில் அந்த லேடி டாக்டர் முதலில் பேசியதே அந்த மாத்திரையைப் பற்றித்தானாம். அதை யாரிடமும் சொல்ல வாய் வராமல்தான் இவள் என் டப்பாக்கள் மேல் பாய்ந்திருக்கிறாள். கூடவே இருந்தும் எனக்கு இது தெரியவில்லை, எழுந்தவன் மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன்.

மாத்திரையின் பேரைக் கேட்டுக்கொண்டு டாக்டர் சொன்னது இதுதான். மற்றவர்களைவிட உனக்கு அந்த நோய் வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான், வந்தே தீரும் என்றில்லை, பெரும்பாலானவர்களுக்கு வருவதுமில்லை. ஆனால் நாற்பதுக்கு மேல் தவறாமல் மார்பகப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், மாத்திரை விஷயத்தையும் அங்கே சொல்ல வேண்டும். அதோடு, அந்த மாத்திரையால கர்ப்பம் நிலைக்கிறதில்லைன்னு பின்னால கண்டுபிடிச்சுட்டாங்கம்மா என்றும் சொன்னார். உன் அம்மாவுக்கு வந்ததே கோபம், வாந்தி எடுத்து எடுத்து முழுங்கினேனே, அத்தனையும் வீணா என்று அவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, அப்போ அவளை நானேதான் புடிச்சு வச்சிருந்தேனா என்று கேட்டாள். ஆமாம்மா, நீங்கதான் என்றார் டாக்டர். வீடு வரும் வரைக்கும் பதவி உயர்வு கிடைத்தவள் மாதிரி நடந்து வந்தாள்.

அப்பன் மகளுக்கு எழுதுகிற விஷயமா இது என்று பேனா தயங்கியது, வியாதிக்கு இல்லாத வெட்கம் எனக்கு எதற்கு. உன்னிடம் சொல்லவேண்டும் என்று அவள் போனை எடுக்கிறாள், மழையா வெயிலா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாள். அதனால்தான் நான் எழுதுகிறேன். வேலை, பிள்ளை, லீவு இல்லை என்று சாக்குச் சொல்லாமல் போய்க் காட்டிக்கொள். உன் அம்மாவும் அந்தப் பரிசோதனையை எடுத்துக்கொண்டாள், ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. மெஷின் கொஞ்சம் அழுத்துமாம், அவள் அதைத் திட்டிய திட்டு வெளியில் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது.

நோய் நொடி அண்டாமல் நீங்கள் மூவரும் நிறைய நாள் வாழவேண்டும். ரிசல்ட் வந்ததும் எனக்கு வேண்டாம், அவளுக்கு முதலில் போன் செய். அன்றைக்கு உன்னை விடாமல் பிடித்துக்கொண்டவள் இன்னும் கையைத் தளர்த்தவில்லை, சின்னக்குட்டி.

இப்படிக்கு,
உன் அப்பா