பேச்சாளர் பின்னர் அறிவிக்கப்படும்

ஜூலை 8, திங்கள்
போன வியாழன் ஒட்டிய கல்லூரி வாரத்தாளில்: தத்துவத் துறைச் சொற்பொழிவு, மாணவர் நாடகம், நூலகக் கூரை ஒழுகுவது. எழுதுவது நான், பக்கம் அமைப்பது நான், எட்டு அறிவிப்புப் பலகைகளில் ஒட்டுவதும் நானே. ‘செய்தி மற்றும் நிகழ்ச்சிகள்’ பிரிவில் நாற்காலிகள் இரண்டு. ஒன்றில் என் பை உட்கார்ந்திருக்கிறது.

ஜூலை 9
சொற்பொழிவுக்கு ஐந்தே பேர். பேச வந்தவர் மனம் நோகக் கூடாதென்று வழக்கம்போல் முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். ஒரு எழவும் புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 10
முதல்வர் கூப்பிட்டார். “அடுத்த வாரத்தோட தாளை நிறுத்திடலாம்மா. யாரும் படிக்கிற மாதிரி தெரியல. நீங்க தேர்வுப் பிரிவுக்குப் போயிடுங்க.”

மூன்று வருடம்! “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு வந்தேன். வாய் செத்தா போச்சு எனக்கு? வீட்டுக்கு வந்த பிறகுதான் பதில் பதிலாக வருகிறது. கேட்கத்தான் ஆளில்லை.

ஜூலை 11, வியாழன்
ஐயோ, மானம் போச்சு!

கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் பக்கமே குலைந்துவிடும். அதனால் அதில் ஒரு பொய் நிகழ்ச்சியைப் போட்டு வைத்திருப்பேன். அச்செடுக்கும் முன் அழிப்பேன். நேற்றைய கோபத்தில் மறந்துவிட்டேன். எட்டுப் பலகையிலும் தொங்குகிறது: ‘வெள்ளி மாலை 4, அறை 9. பேச்சாளர் பின்னர் அறிவிக்கப்படும். அனைவரும் வருக.’

போய்க் கிழிக்கலாமா? எதுக்கு? அதான் யாரும் படிக்கிறதில்லையே.

ஜூலை 12, வெள்ளி
யாராவது வந்து ஏமாறக் கூடாதே என்று அறை 9க்குப் போனேன். முதலில் நூலகக்காரம்மா வந்தார். பிறகு இயற்பியல் பேராசிரியர். அப்புறம் கையெல்லாம் மண்ணோடு தோட்டக்காரர்.

“தப்பா வந்துடுச்சு, மன்னிச்சிடுங்க” என்றேன்.

பேராசிரியர் நம்பவில்லை. “உங்க தாள்லயா? மூணு வருஷத்துல ஒரு நேரத்தைக்கூட நீங்க மாத்திப் போட்டதில்லையே!”

“வேலைய விட்டுட்டு வந்திருக்கேன்” என்றார் தோட்டக்காரர். “நீங்களே ஏதாவது பேசுங்கம்மா.”

பேசினேன். தாள் நிற்கப்போவதை, பொய்க் கட்டத்தை, வீட்டில் பேச ஆளில்லாததை. கண்றாவி, அழுதும் தொலைத்தேன். நூலகக்காரம்மா மெதுவாகச் சொன்னார்: “நானும் ஞாயித்துக்கிழமை முழுக்க வாயே திறக்கறதில்ல.” ஆறு மணிக்குக் காவலாளி வந்து விரட்டினார்.

ஜூலை 14, ஞாயிறு
அக்காவின் போன். வாரத்தில் இது ஒன்றுதான் அடிக்கும். “என்னடி விசேஷம்?” “ஒண்ணுமில்லக்கா.” ஏன் அப்படிச் சொன்னேன்?

ஜூலை 18
கடைசித் தாளை ஒட்டினேன். முதல்வர் மனம் மாறவில்லை. பொய்க் கட்டத்தை ஒழுங்காக அழித்துவிட்டேன். மனசே இல்லாமல்தான்.

ஜூலை 19, வெள்ளி
இன்றே தேர்வுப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். ஏழு மேசைகள். ஏழு பேரும் குனிந்த தலை நிமிரவில்லை.

நாலு பத்துக்கு போன் அடித்தது. அக்காவா, வெள்ளிக்கிழமையிலா?

“எங்கம்மா இருக்கீங்க?” நூலகக்காரம்மா! “மூணு பேரும் அறை ஒன்பதுல உக்காந்திருக்கோம். தோட்டக்காரர் கோவிச்சுக்கிறாரு.”

“இந்த வாரம் தாள்ல போடலையே…”

“போட்டாத்தான் வரணுமா? நல்லா இருக்கே கதை. சீக்கிரம் வாங்க.”

பையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு ஓடினேன்.