இன்னொரு பாஸ்

ஹார்ட்விக், மினசோட்டா
நவம்பர் 15, 1993

அன்புள்ள வெர்னாவுக்கு,

இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது. நீயும் ரேயும் அரிசோனா வெயிலில் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நீங்கள் அனுப்பிய பூக்கள் டெல்மரின் அடக்கத்தன்று காலையிலேயே வந்துவிட்டன. இடுப்பு ஆபரேஷன் ஆனவள் வரவில்லையே என்று யாரும் குறை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நீ கூப்பிடும்போது போனை எடுக்காததற்குக் கோபித்துக்கொள்ளாதே. மணி அடிக்கும்போது என்ன பேசுவதென்று தெரிவதில்லை. எழுதினால் ஏதோ வருகிறது.

சர்ச் பெண்கள் சமைத்துக் கொண்டுவந்த ஹாட்டிஷ் சாப்பாட்டுப் பாத்திரங்கள் சமையல் மேடை முழுக்கக் கிடக்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் பெயர் ஒட்டியிருக்கிறது. திருப்பிக் கொடுக்க வேண்டும்.

சனிக்கிழமை ஐஸ் ஹாக்கிக்குப் போனேன். காலேஜ் பையன்கள் தோற்றார்கள். எல்லாம் அந்தப் பவர் ப்ளேயால்தான். எதிராளி ஒருவன் தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறான். நம்மவர்கள் ஐந்து பேர், அவர்கள் நாலு பேர். இதைவிட என்ன வேண்டும்? ஆனால் இவர்கள் அந்த ரப்பர் பக்கைத் தூரத்தில் நிற்கும் சோப்சாக்கிடம் தள்ளுகிறார்கள். அவன் அங்கிருந்தே ஓங்கி அடிக்கிறான். அது யாரோ ஒருவன் முழங்காலில் பட்டு வெளியே ஓடுகிறது. இரண்டு நிமிடமும் இப்படியே தீர்ந்துபோகிறது. அரங்கம் முழுக்க “அடிடா! அடிடா!” என்று கத்துகிறது. எதற்கு அடிக்க வேண்டும்? அவன் மட்டையை ஓங்கினாலே கோல்கீப்பர் அவன் பக்கம் சாய்ந்துவிடுகிறான். இன்னொரு பாஸ் போதும். வலையின் மறுபக்கம் காலியாகக் கிடக்கிறது.

டெல்மரின் இருக்கைக்கும் சீசன் முழுவதற்கும் பணம் கட்டியாயிற்று. அதில் என் கோட்டை வைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஆர்டிஸ்


மேசா, அரிசோனா
நவம்பர் 26, 1993

என் அருமை அக்காவுக்கு,

உன் கடிதத்தை ரேயிடம் படித்துக் காட்டினேன். “இது ஆர்டிஸ் எழுதினதுதானா, கையெழுத்தைப் பாரு”ன்னார். முழுக்க முழுக்க பவர் ப்ளே. அத்தானைப் பற்றி ஒரு வரி, அதுவும் கோட்டு வைப்பதற்கு!

இன்னொரு பாஸாம், இன்னொரு பாஸ். நீ என்ன டீ பார்ட்டிக்கா போயிருந்தாய், தட்டை ஆளாளுக்குக் கைமாற்ற? சோப்சாக் அடிக்கட்டும். பத்தில் ஒன்பது வெளியே போகட்டும். வலைக்கு முன்னால் தடியன் ஒருவனை நிறுத்தி கோல்கீப்பரின் கண்ணை மறைத்தால் பத்தாவது உள்ளே போகும். இல்லாவிட்டாலும் அவன் தட்டிவிடுவது நம்மவன் காலடியில்தான் விழும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே நீதான். இப்போது உனக்கு என்ன வந்தது?

அக்கா, நேராகவே கேட்கிறேன். நீ அழுதாயா? அடக்கத்தில் நீ எல்லோருக்கும் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாய் என்று கேள்விப்பட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்துவிடு. பின் அறை காலியாகத்தான் இருக்கிறது. பனி அள்ள வேண்டாம், கார் எஞ்சின் குளிரில் உறையாமலிருக்க ராத்திரி கரன்ட் ஒயர் செருக வேண்டாம். உன்னைப் பற்றி எழுது. உன்னைப் பற்றி மட்டும்.

உன்,
வெர்னா


ஹார்ட்விக்
டிசம்பர் 13, 1993

அன்புள்ள வெர்னாவுக்கு,

என்னைப் பற்றிக் கேட்டிருந்தாய். சாப்பிடுகிறேன். தூங்குகிறேன். எடை குறையவில்லை. நேற்று மளிகைக் கடையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரே இடத்தில் ரொம்ப நேரம் நின்றிருந்தேனாம், மேனேஜர் வந்து உதவி வேண்டுமா என்றார். வேண்டாம் என்றேன். அழவில்லை. அழுகை வராததற்கு நான் என்ன செய்வது, வெங்காயமா உரிப்பது?

நீ கூப்பிட்டபடி வருகிறேன். அங்கே இருந்தால் என்ன, இங்கே இருந்தால் என்ன. வீட்டு புரோக்கர் பிப்ரவரியில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

காலடியில் விழும் என்கிறாய். எத்தனை தடவை விழுந்தது? விழுந்த இடத்தில் அவர்கள் ஆளும்தான் நிற்கிறான். பக்கை அடித்துவிட்டால் அது யாருக்கும் சொந்தமில்லை. பாஸ் கொடுத்தால் நம்மிடமே இருக்கிறது. நம்மிடம் இருக்கும் வரைக்கும் அவர்கள் நாலு பேரும் நாக்குத் தள்ள ஓட வேண்டும். களைத்துப்போனவன் ஒரு நொடி தாமதிப்பான். அதற்குத்தான் காத்திருக்க வேண்டும்.

இதைப் பின்வரிசையில் இருக்கிற மருந்துக்கடை ஹார்வியிடம் சொன்னேன். அவர் பாப்கார்ன் மெல்லுவதை நிறுத்திவிட்டு, “ஏம்மா ஆர்டிஸ், டெல்மர் பேசற மாதிரியே பேசறியே! இத்தனை வருஷமா என் காது கிழிய ‘அடிடா’ன்னு கத்தினவ நீதானே?” என்றார். ஆடுகளத்துப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆட்டம் அப்போது தொடங்கிவிட்டது.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். ரேயைக் கேட்டதாகச் சொல்.

ஆர்டிஸ்


மேசா
ஜனவரி 5, 1994

என் கண்ணான அக்காவுக்கு,

நீ வருகிறாய்! இன்றைக்கே பின் அறைக்கு வெள்ளை அடிக்க ஆள் சொல்லிவிட்டேன். மெத்தை புதிதாக வாங்குகிறோம். ரே வாசலில் உனக்கென்று ஒரு எலுமிச்சை மரம் வைத்திருக்கிறார்.

பவர் ப்ளே விஷயத்தையும் யோசித்துப் பார்த்தேன். ஹார்வி சொன்னது சரிதான், அது அத்தானின் பேச்சு. அத்தான் சொன்னதுதான் சரி, அக்கா. இன்னொரு பாஸ் கொடுப்பதே நல்லது. நான் ஒப்புக்கொள்கிறேன். பாவம், நல்ல மனிதர், அவரோடு இனிமேல் எனக்கென்ன சண்டை? நீயும் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

அன்பு முத்தங்களுடன்,
வெர்னா


ஹார்ட்விக்
ஜனவரி 11, 1994

வெர்னா,

உன்னை யார் ஒப்புக்கொள்ளச் சொன்னது?

நம் வீட்டு மேஜையில் உட்கார்ந்து, நான் சுட்ட ரொட்டியைத் தின்றுகொண்டே, “பக்கை சவப்பெட்டிவரைக்கும் பாஸ் பண்ணிக்கிட்டே போற ஆள்தானே நீங்க”ன்னு அவர் முகத்துக்கு நேராகச் சொன்னவள் நீ. அவர் சிரித்துச் சிரித்து இருமினார். ஒருநாளாவது அவர் சொன்னதை நீ சரி என்றாயா? ஒரே ஒரு நாள்?

அவர் செத்துப்போனதால் திடீரென்று அவர் சொன்னது சரியாகிவிட்டதா? அவர் சரியில்லை. நான் இன்றைக்கும் ‘அடி’ கட்சிதான். சோப்சாக் மட்டையை ஓங்கும்போது என் தொண்டைவரைக்கும் வருகிறது, விழுங்கிவிடுகிறேன். நான் கத்தினால் பக்கத்திலிருந்து ஒருவர் “பொறு, ஆர்டிஸ், பொறு” என்று முனக வேண்டும். அது இல்லை. அதனால் நானே அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அரங்கம் முழுக்க ஒரு பக்கம். அவர் பக்கம் பேச ஒருவராவது வேண்டாமா?

நீயும் சரி என்றுவிட்டால் அவரோடு சண்டை போட ஆளே இல்லை. அப்புறம் அவர் எங்கேதான் இருப்பார்?

எலுமிச்சை மரம் வேண்டாம். நீ ஒழுங்காகச் சண்டை போட்டு எழுது. முடியாவிட்டால் எழுதாதே.

ஆர்டிஸ்


மேசா
ஜனவரி 20, 1994

மிஸ்டர் டெல்மர் க்னட்சன் அவர்களுக்கு,

அத்தான், உங்கள் மைத்துனி எழுதுகிறேன். மரியாதை இதோடு முடிந்தது.

பாஸ், பாஸ், பாஸ்! இந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. நீங்கள் ஹாக்கி பார்க்கிறீர்களா, தபால் பட்டுவாடா செய்கிறீர்களா? அக்கா கத்துவதில் இருக்கும் புத்தியில் கால்வாசி உங்களுக்கு இருந்தால் நம் பையன்கள் என்றைக்கோ கோப்பை வாங்கியிருப்பார்கள்.

சரி, உங்கள் வழிக்கே வருகிறேன். ஒரு கோல் பின்தங்கியிருக்கிறோம். பவர் ப்ளே, கடைசி சில வினாடிகள். சோப்சாக்கிடம் பக். நீங்கள் சொல்லும் அந்தக் காலி இடத்தில் நிற்பவனுக்குப் பாஸ் வந்தால் அது மட்டையின் முதுகுப்பக்கம்தான் வரும். அவன் திருப்பிப் பிடிப்பதற்குள் கோல்கீப்பர் எழுந்து தாண்டி வந்துவிடுவான், மணியும் அடித்துவிடும். அப்போதும் இன்னொரு பாஸா? காப்பியைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். சிரித்து மழுப்ப வேண்டாம்.

செப்டம்பரில் எங்களை வழியனுப்பியபோது காருக்குள் தலையை விட்டு என்ன சொன்னீர்கள்? “இந்த வருஷம் பாரு வெர்னா, கோச் ஹாகன் என் வழிக்கு வருவான்”ன்னீர்களே. பார்க்க இருந்தீர்களா? சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டு, பேச்சை மட்டும் அவள் தலையில் கட்டிவிட்டீர்கள். உங்கள் மேல் எனக்கு ரொம்பக் கோபம்.

வெர்னா


ஹார்ட்விக்
பிப்ரவரி 7, 1994

அன்புள்ள வெர்னாவுக்கு,

டெல்மர் பேருக்கு நீ போட்ட கடிதம் வந்தது. அவருக்கு வரும் தபாலை எப்போதும் நான்தான் பிரிப்பேன். சமையலறையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். தபால் பட்டுவாடா என்ற இடத்தில் சிரிப்புகூட வந்தது.

அப்புறம் உன் கேள்வி. பாஸ் மட்டையின் முதுகுப்பக்கம் வந்தால் என்ன செய்வது? அவர் என்ன சொல்வார் என்று யோசித்தேன். இதுவரைக்கும் அவர் சொல்வது எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. உனக்கு எழுதியதெல்லாம் அவர் எப்போதோ சொன்னதுதான். இதை மட்டும் யாரும் அவரைக் கேட்டதில்லை போலிருக்கிறது. பேப்பரில் ஐந்து புள்ளி வைத்து வரைந்து பார்த்தேன். அவர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தும் பார்த்தேன். வரவில்லை, வெர்னா. அவரிடம் கட்டாயம் ஒரு பதில் இருந்திருக்கும், உன்னை வாயடைக்கிற மாதிரி. அது என்னவென்று இனி எனக்குத் தெரியவே தெரியாது.

அப்போதுதான் அழுதேன். அசிங்கமாக அழுதேன். பக்கத்து வீட்டு எவலின் பயந்துபோய்ப் பின்கதவு வழியாக வந்துவிட்டாள். ‘என்னடி ஆச்சு, யாரு செத்தா?’ என்றாள். “டெல்மர்”னு சொன்னேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

புரோக்கரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மார்ச்சில் ஹாக்கி முடிந்ததும் அங்கே வந்து ஒரு மாதம் இருக்கிறேன், அவ்வளவுதான். இங்கே இருப்பது நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. பெரும்பாலான நாட்கள் மரத்துப்போன மாதிரிதான் இருக்கிறது. ஆனால் இங்கே மரத்துப்போவதுதான் எனக்குப் பழக்கம்.

சனிக்கிழமை மூன்றாம் பகுதியில் பவர் ப்ளே கிடைத்தது. சோப்சாக்கிடம் பக் வந்தது, மட்டையை ஓங்கினான். எழுந்து நின்று “அடிடா மடையா!” என்று கத்தினேன். ஹார்வியின் பாப்கார்ன் கொட்டிப்போயிற்று. அவன் அடித்தான், கோல் விழுந்தது, எல்லோரும் குதித்தார்கள். நான் மட்டும் இடதுபக்கம், என் கோட்டு கிடந்த இருக்கையைப் பார்த்துத் திரும்பி, திட்டு வாங்கக் காத்துக்கொண்டு நின்றேன்.

அன்புடன்,
உன் அக்கா
ஆர்டிஸ்