உங்கள் கேம்ப்பில் தெரியாத மேட்ச்

என் பிரியமுள்ள அப்பாவுக்கு,

நேற்று சாயங்காலம் ஆறு மணிக்கு நம்ம டீமுக்கு இந்தக் கிரிக்கெட் சீசனின் முதல் மேட்ச். அஜ்மானில் எங்கள் வீட்டு டிவிக்கு முன்னால் ரிமோட்டோடு உட்கார்ந்து, திரையில் ஒரு வட்டம் சுற்றுவதையே முக்கால் மணி நேரம் பார்த்தேன். நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன வருஷம்வரை ஒரு சேனலில் வந்துகொண்டிருந்தது. இந்த வருஷம் ஒளிபரப்பும் உரிமையை வேறொரு கம்பெனி வாங்கிவிட்டதாம். அவர்களுடைய ஆப் வேண்டும் என்றார்கள், வாங்கினேன். ஊரில் அம்மா பெயரில் இருக்கும் சந்தாவைப் போட்டால், "இந்த நிகழ்ச்சி நீங்கள் இருக்கும் நாட்டில் கிடைக்காது" என்று வருகிறது. இங்கேயே தனியாகச் சந்தா கட்டினால் தமிழ் வர்ணனை கிடையாது. அவர்களுக்கு ஃபோன் போட்டேன். ஒரு மலையாளப் பெண் எடுத்தாள்.

"மேடம், தமிழ் கமென்ட்ரி மாஃபி, இல்லா. ஹிந்தி உண்டு, இங்கிலீஷ் உண்டு. ஒண்ணு லாக்-அவுட் செஞ்சு திரும்ப வந்து நோக்குமோ?"

நோக்கினேன். மறுபடியும் அந்த வட்டம்தான். விளம்பரத்தில் மட்டும் "நாடு முழுவதும் நேரலை" என்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள். எந்த நாடு, அப்பா? பாஸ்போர்ட்டில் போட்டிருக்கிற நாடா, படுத்து எழும்புகிற நாடா? இருபத்திரண்டு வருஷம் சவுதியில், ஜுபைலில் பைப் வெல்டிங் செய்த நீங்கள் எந்தக் கணக்கில் வருவீர்கள்?

இந்தக் கோபத்தோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் நேற்று என் வீட்டுக்கு சிவநேசன் அங்கிள் வந்திருந்தார். ஜுபைல் தொழிலாளர் கேம்ப்பில் உங்களோடு ஒரே அறையில் இருந்த யாழ்ப்பாணத்துக்காரர். இப்போது ஷார்ஜாவில் ஒரு குடோனில் ஸ்டோர் கீப்பராக இருக்கிறார். நீங்கள் போன பிறகு நான் அவரைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. மேட்ச் அன்றைக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம் என்று நான்தான் கூப்பிட்டேன்.

நான் ரிமோட்டை சோபாவில் எறிந்துவிட்டு, "இதுக்கு எங்க அப்பா குடுத்து வச்சவரு அங்கிள். லேட்டா வந்தாலும் கேம்ப்ல டிவில படம் வந்துச்சு" என்று சொன்னேன்.

அவர் டீயைக் கீழே வைத்தார். "பிள்ளை, உம்மட அப்பாவுக்கு அங்க எங்க படம் தெரிஞ்சது?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது.

ஆரம்பத்தில் தெரிந்தது, அதுவரைக்கும் பொய்யில்லை. நம்ம டீம் ஆட வந்த வருஷம் நான் பிளஸ் ஒன். குளச்சலில் நம் வீட்டில் கேபிள். உங்கள் கேம்ப்பில் மொட்டைமாடியில் ஒரே டிஷ், அதிலிருந்து அறைக்கு அறை வயர். எங்களுக்கு இரவு ஏழரை, உங்களுக்கு சாயங்காலம் ஐந்து. டியூட்டி பஸ்ஸை விட்டு இறங்கியதும் கூப்பிடுவீர்கள். "மக்களே, டாஸ் யாரு?" என்றுதான் பேச்சே தொடங்கும். டெக்கோடர் கார்டைப் புதுப்பிக்கவில்லை என்று நடுவில் ஒரு வருஷம் புலம்பினீர்கள். "மணல்காத்து அடிச்சு டிஷ்ஷு திரும்பிட்டு மக்களே, இன்னா ஆளு மேல ஏறுதான்" என்பீர்கள். அதெல்லாம் நிஜம்.

பிறகு உங்களைப் புதுக் கேம்ப்புக்கு மாற்றினார்கள். அங்கே மாடியில் டிஷ் வைக்கக் கூடாது என்று சட்டம். கீழே ஹாலில் ஒரே ஒரு டிவி, அதில் பெரும்பான்மை எதைக் கேட்கிறதோ அதுதான் ஓடும். நம்ம டீமுக்கு அங்கே மூன்றே ஓட்டு, உங்களுடையதும் அங்கிளுடையதும் ஒரு மதுரைக்காரருடையதும். இதை நீங்கள் எங்களிடம் சொல்லவே இல்லை.

"கடைசி ஆறு வருசமும் என்ர ஃபோனில ஸ்கோர் மட்டும்தான்" என்றார் அங்கிள். "உம்மட அப்பாவின்ர ஃபோன் காதில இருக்கும். நான் எதிர நிண்டு ஸ்கோரைப் பாத்துப் பாத்துக் கை காட்டுவன்."

எழுந்து நின்று செய்தும் காட்டினார், அப்பா. சிக்ஸருக்கு இரண்டு கையும் மேலே. நாலுக்கு ஒரு கையை இப்படியும் அப்படியும் வீசினார். அவுட்டுக்கு ஒற்றை விரல். கேன்டீன் சுவருக்குப் பக்கத்தில், டியூட்டி உடுப்போடு, அறுபது வயசை எட்டப்போகிற இரண்டு பேர். ஒருவர் அம்பயர் மாதிரி கை காட்ட, இன்னொருவர் ஃபோனில் "என்னா அடி மக்களே!" என்று கூவியிருக்கிறார். ஆறு வருஷமாக நீங்கள் மேட்சைப் பார்க்கவில்லை. சிவநேசன் அங்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? உங்களைக் கேலி செய்தேன். என் டிவியில் விக்கெட் விழுந்து நான் கத்தி முடித்த பிறகுதான் உங்கள் குரல் வரும். "சவுதிக்கு சிக்னல் என்ன, நடந்தா வருது?" என்று கேட்பேன். "ஆமா மக்களே, இப்பத்தான் வந்துச்சு" என்பீர்கள். அந்த "ஆமா"வை நான் ஒரு நாளாவது யோசித்தேனா?

ஒரு நாள் பந்து மட்டையில் படவே இல்லை. கீப்பரின் கையிலும் சிக்காமல் எல்லைக்கோட்டைத் தாண்டிப் போனது. நாலு ரன். நீங்கள், "பாத்தியா, பாத்தியா, என்னா ஷாட்டு!" என்றீர்கள். "மட்டையிலேயே படலப்பா, மொதல்ல போயி கண்ண டெஸ்ட் பண்ணுங்க" என்று நான் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். ஸ்கோர் நாலு ஏறியதைப் பார்த்து அங்கிள் கையை வீசியிருக்கிறார், அவ்வளவுதான். அதற்காக ஜுபைலில் கண்ணாடி வாங்கி, அடுத்த லீவில் அதைப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினீர்களே! "இப்ப நல்லாத் தெரியுதுட்டி" என்று வேறு சொன்னீர்கள். என்ன மனிதர் அப்பா நீங்கள்? ஒரு பொய்க்கு இத்தனை பாடா?

எனக்கு உங்கள்மேல் கோபம்தான். கம்பெனிக்காரன்மேல் வந்ததைவிட அதிகமாக வருகிறது. "படம் தெரியல மக்களே, நீ பாத்துச் சொல்லு" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், பந்துக்குப் பந்து சொல்லியிருக்க மாட்டேனா? யார் போடுகிறான், யார் எங்கே நிற்கிறான், யார் மூஞ்சி எப்படிப் போனது என்று எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். எனக்கு அதெல்லாம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. நானோ, நீங்களும் பார்க்கிறீர்கள் என்று நினைத்து, பாதி நேரம் "உச்சு" கொட்டுவதோடு நிறுத்திக்கொண்டேன்.

அதை அங்கிளிடமும் கேட்டேன். ஏன் சொல்லவில்லை, நீங்களாவது சொல்லியிருக்கலாமே என்று சண்டைக்கே போய்விட்டேன்.

அவர் என்னை உட்காரச் சொன்னார். "நான் சொன்னனான் பிள்ளை. உண்மையச் சொல்லுங்கோ அண்ணை எண்டு எத்தினை தரம் சொன்னனான். 'மேட்ச் பாக்கேல்லையெண்டா அவ என்னோட என்னத்தக் கதைக்கப்போறா?' எண்டு கேட்டார். அதுக்குப் பிறகு நான் ஒண்டும் சொல்லேல்ல."

அப்பா, இரவெல்லாம் இதற்குப் பதில் தேடினேன். அப்படியெல்லாம் இல்லை, எப்படியும் பேசியிருப்பேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் மேட்ச் இல்லாத நாட்களில் நீங்கள் கூப்பிட்டால் நான் என்ன பேசினேன்? "நல்லா இருக்கேன்ப்பா. சாப்டாச்சு. இந்தா அம்மாட்ட குடுக்கேன்." மூன்றே வாக்கியம். கல்லூரியிலும் அதே, நர்ஸ் வேலைக்கு இங்கே வந்த பிறகும் அதே. மேட்ச் இருந்தால் மட்டும் மூன்று மணி நேரம். நீங்கள் கணக்கில் தப்பு செய்யவில்லை. டிவி இல்லை என்று சொல்லியிருந்தால், "சரிப்பா, மேட்ச் முடிஞ்சு பேசறேன்" என்று நான் வைத்திருப்பேன். முடிந்த பிறகு பேசியும் இருக்க மாட்டேன்.

இரண்டு வருஷம் முன்னால் உங்களைப் பெட்டியில் கொண்டுவந்து இறக்கினார்களே, அன்றைக்குக்கூட எனக்கு இப்படி வலிக்கவில்லை.

நேற்று மேட்ச் கடைசிவரை வரவில்லை. யார் ஜெயித்தார்கள் என்று அங்கிளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்து அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மாவுக்குக் கிரிக்கெட் தெரியாது, உங்களுக்கே தெரியும். "என்னட்டி இந்நேரத்துல, உடம்புக்கு ஒண்ணும் இல்லல்லா?" என்று பயந்துபோனாள். மகள் சும்மா கூப்பிட்டாலே பயப்படும்படி அவளைப் பழக்கி வைத்திருக்கிறேன். ஒன்றுமில்லை, பேசத்தான் கூப்பிட்டேன் என்றேன். நம்பாமல் இரண்டு தடவை கேட்டாள். பிறகு மீன் விலையில் தொடங்கி, கோயில் திருவிழாவரை போனாள்.

உங்கள்மேல் உள்ள கோபம் இன்னும் தீரவில்லை. அது தீரும்வரை உங்களுக்கு எழுதுவேன். ஆனால் ஒரு சத்தியம் அப்பா: அம்மா என்னோடு பேசுவதற்குப் பொய் சொல்ல வேண்டிய நிலையை இனி ஒருநாளும் வைக்க மாட்டேன்.

உங்களோடு பேசத் தெரியாமல் போன உங்கள் மூத்த மகள்,
ஸ்டெல்லா
அஜ்மான்