புயலில் குடித்த காபி

மாமல்லபுரம்
8.2.1995

அன்புள்ள அம்மாவுக்கு, சாலமன் வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஏற்காட்டில் பனி குறைந்ததா?

புயல் அடித்து மூன்று மாதம் ஆகிறது. குப்பத்தில் எந்த வீட்டிலும் அடுப்பு எரியாத பதினைந்து நாளும் என் காபிக்கடையில்தான் எல்லோருக்கும் காலையில் காபி, மதியம் கஞ்சி. அதைக் குடித்துவிட்டுத்தான் கூரை போட்டார்கள், வலை பின்னினார்கள். இப்போது படகுகள் கடலுக்குப் போகின்றன.

நேற்று ஒரு சின்ன விஷயம், கவலைப்படாதீர்கள். மாசித் திருவிழாவுக்குக் காபி போட்டுத் தருகிறேன் என்று படகுக்காரர் தேசிங்கு அண்ணனிடம் சொன்னேன்.

“வேணாம்பா. நீ இன்னா ஆளுன்னு ஊருல விசாரிச்சிட்டாங்க” என்றார்.

“புயலப்போ குடிச்சீங்களே அண்ணே?”

“அப்போ வேற வழியில்ல. இப்போதான் எல்லாம் சரியாயிட்ச்சில்ல.”

அவர் வீட்டுக் கூரையைக் கட்டியவர்களில் நானும் ஒருவன், அம்மா.

இன்று பால் காய்ச்சினேன். குப்பத்திலிருந்து ஒருவரும் வரவில்லை.

இந்த மாதம் காபித்தூள் அனுப்ப வேண்டாம், இருப்பதே தீரவில்லை. அதற்குப் பதில் யாரிடமாவது சொல்லி நீளமாக ஒரு கடிதம் எழுதி அனுப்புங்கள். தபால்காரர் ஒருவர்தான் இன்னும் என் கடைக்குள் வந்து உட்காருகிறார். இதோ, அவர் சைக்கிள் வந்துவிட்டது. நிறுத்துகிறேன்.

உங்கள் மகன்,
சாலமன்