மூன்று விடுதிகளும் முப்பத்திரண்டு கேள்விகளும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், அம்மாவும் நலம், அவளுடைய இடது முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனிக்கட்சி நடத்துகிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் நினைப்பு, ஆனால் போனில் நீ நல்லா இருக்கேன்ப்பா என்று சொல்கிற வேகத்தை வைத்து மட்டும் நான் எதையும் நம்புவதில்லை. போனில் பேசினால் பாதியில் சின்னவன் அழுவான், உனக்கு ஆபீஸ் வண்டி வந்துவிடும், நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால்தான் கடிதம். முழுவதும் படித்துவிட்டுத்தான் கீழே வைக்க வேண்டும், நடுவில் அடுப்பைப் பார்க்க எழுந்து போகாதே.

கடற்கரை விடுதி விஷயத்துக்கு வருகிறேன். மூன்று விடுதிகளின் விவரங்களை அனுப்பி, இதுல எதுன்னாலும் எங்களுக்குச் சரிப்பா, நீங்களே முடிவு பண்ணுங்க என்று சொல்லியிருந்தாய். தங்குவது, மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் நொறுக்குத்தீனி, நீச்சல்குளம், படகு, பிள்ளைகளுக்கு விளையாட்டு என்று எல்லாம் ஒரே கட்டணத்தில் அடக்கம், ஆல் இன்க்ளூசிவ் என்று அதற்குப் பெயர். இதை அம்மாவிடம் விளக்கிச் சொன்னதும், அப்ப ஏழு நாளும் நான் அங்க என்னங்க பண்ணுவேன் என்று கேட்டாள். சும்மா இரு என்றேன். உலகத்தில் அவளுக்கு வராத ஒரே வேலை அதுதான். அது இருக்கட்டும், நீ அனுப்பிய முன்பதிவுப் படிவத்தில் எத்தனை பேர் என்ற கட்டத்தில் ஆறு என்று போட்டிருந்தாய். நீங்கள் நால்வர், நாங்கள் இருவர். நான் அதை அடித்துவிட்டு ஒன்பது என்று போட்டிருக்கிறேன். உன் அண்ணன், அண்ணி, நீ இன்னும் கையில் தூக்காத அவர்களுடைய இரண்டு வயதுப் பெண். கோபப்பட்டுக் கடிதத்தை மடித்துவிடாதே, மேலே படி. நீயும் அண்ணனும் ஒரு வார்த்தை பேசி மூன்று வருஷம் ஆகிறது. அம்மா நடுவில் தபால் ஆபீஸ் வைத்து அவன் சொன்னதை உனக்கும் நீ சொன்னதை அவனுக்கும் பாதி மறைத்து மீதிக்குச் சர்க்கரை தடவி அனுப்பிக்கொண்டிருக்கிறாள். அந்தத் தபால் ஆபீஸை இந்த விடுமுறையோடு இழுத்து மூடுவது என்று முடிவு செய்துவிட்டேன், விடுதியை அதற்குத் தோதாகத்தான் பார்த்தேன்.

தீயணைப்புத் துறையில் முப்பத்தோரு வருஷம் கட்டட ஆய்வாளராக இருந்தவனிடம் படத்தைப் பார்த்து முடிவு செய்யச் சொன்னால் எப்படியம்மா? முதல் விடுதி பன்னிரண்டு மாடி. நாற்பத்திரண்டு படம் போட்டிருக்கிறார்கள், ஒன்றிலாவது ஒரு மாடிப்படி உண்டா, ஒரு தாழ்வாரம் உண்டா? எல்லாம் வானமும் இளநீலத் தண்ணீரும்தான். வீடு விற்கிறவன் தோட்டத்தையே சுற்றிச் சுற்றிக் காட்டினால் வீட்டுக்குள் ஏதோ கோளாறு என்று அர்த்தம். இரண்டாவது, நீ பக்கத்தில் இதயப் படம் போட்டு அனுப்பியது. கடலுக்குள் மரக்கால் நட்டு அதன்மேல் கட்டிய இருபத்தாறு குடில்கள். இருபத்தாறு குடிலுக்கும் கரைக்கு வர ஒரே ஒரு மரப்பாலம், கூரை ஓலை, வாசலுக்கு வாசல் தீப்பந்தம் மாதிரி ஒரு விளக்கு, ஓலைக்கும் சுடருக்கும் நடுவே ஒரு முழம் இருக்கலாம். காதல் ததும்பும் குடில்கள் என்று எழுதியிருக்கிறார்கள், எனக்கு வியர்வைதான் ததும்பியது. மூன்றாவது, நான்கே மாடி, கொஞ்சம் பழசு, வெளிச்சுவரில் உப்புக்காற்று அரித்த தடம் படத்திலேயே தெரிகிறது. அதை மறைக்காமல் போட்டிருந்தது எனக்குப் பிடித்தது.

ஆனாலும் பிடித்தது, பிடிக்கவில்லை என்பதெல்லாம் ஆய்வு ஆகாது. உட்கார்ந்து முப்பத்திரண்டு கேள்விகள் எழுதி மூன்று விடுதிக்கும் அனுப்பினேன். மாடிப்படிக் கதவு எந்தப் பக்கமாகத் திறக்கும், பிள்ளைகள் குளத்துக்கு வேலி எத்தனை அடி, உயிர்காப்பாளர் எத்தனை மணிக்கு வருவார், அவர் சாப்பிடப் போனால் அந்த அரைமணி நேரம் யார் நிற்பார், இப்படி. எல்லாம் ஒழுங்காகத்தான் எழுதினேன், கடைசியில் கைப்பழக்கத்தில் பழைய பதவியையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். எனக்கு அது உறைக்கவே இல்லை. முதல் விடுதியிலிருந்து சூரியன் மறைகிற படமும் உங்கள் கனவு விடுமுறை காத்திருக்கிறது என்று ஒரு வரியும் வந்தது, முப்பத்திரண்டு கேள்விக்கும் அதுதான் பதில். இரண்டாவது விடுதியின் பெரிய மேலாளர் தானே போன் செய்தார், குரல் நடுங்குகிறது. ஐயா, தயவுசெஞ்சு அடுத்த வாரம் ஆய்வுக்கு வாங்க, அதுக்குள்ள எல்லாத்தையும் சரி பண்ணிடுறோம் என்கிறார். அப்போதுதான் கையெழுத்தைப் பார்த்தேன். நான் ஓய்வு பெற்றவன், பேரப்பிள்ளைகளோடு குளிக்கத்தான் வருகிறோம் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டு வைத்தேன். எல்லாத்தையும் என்றால் எதையெல்லாம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, உன் இதயப் படத்தை மட்டும் அழித்துவிடு. பதவி போயி நாலு வருஷமாச்சு, கையெழுத்து இன்னும் போகலையா என்று அம்மா இரண்டு நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

மூன்றாவது விடுதியின் மேலாளர் ஒரு பெண். உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். முப்பத்திரண்டுக்கும் வரிசையாகப் பதில் எழுதியிருந்தார். பத்தொன்பதாவது கேள்விக்கு, பின்பக்க மாடிப்படியில் இரண்டாம் தளத்து விளக்கு எரியவில்லை, சரிசெய்ய ஆளுக்குச் சொல்லியிருக்கிறோம் என்று பதில். இருபத்துநாலாவதற்கு, பிள்ளைகள் குளத்து வேலிக் கதவின் கொண்டி சரியாக விழுவதில்லை, பார்த்தால் சாத்தியது போலத்தான் இருக்கும் ஆனால் குழந்தை தள்ளினால் திறந்துவிடும், புதுக் கொண்டி வரும்வரை பக்கத்தில் ஒரு ஆளை உட்கார வைத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தார். முப்பத்தோரு வருஷத்தில் எத்தனை கட்டடம் ஏறி இறங்கியிருப்பேன், நான் கண்டுபிடிக்கும் முன்னால் தன் குறையைத் தானே சொன்னவர்களை எண்ண ஒரு கை விரல் போதும். அவருக்கும் போன் போட்டு, நான் ரிட்டையர் ஆனவன், தவறுதலாகப் பதவியைப் போட்டுவிட்டேன் என்றேன். ரிட்டையர் ஆனா என்ன சார், நீங்க கேட்டதெல்லாம் கேக்க வேண்டியதுதானே என்றார். நாலு நாள் கழித்துப் புதுக் கொண்டியின் படமும் வந்தது. அந்த விடுதிதான். மூன்று அறைகளுக்குச் சொல்லிவிட்டேன், மூன்றும் தரைத்தளம், அம்மாவின் முழங்காலுக்காக. பாட்டுக் கச்சேரி நடக்கிற குளத்திலிருந்து தள்ளி, சாப்பாட்டுக் கூடத்துக்குப் பக்கத்தில்.

உனக்குச் சில புத்திமதி, தலையெழுத்தே என்று கேட்டுக்கொள். எல்லாம் அடக்கம் என்பதால் எல்லாவற்றையும் சாப்பிட்டே தீர வேண்டும் என்று இல்லை, மாப்பிள்ளையிடம் இதை நான் சொன்னதாகச் சொல்லாதே, பொதுவாகச் சொல். பெரியவனுக்கு ஒரு நாளைக்கு இரண்டு ஐஸ்கிரீம், அதற்குமேல் கேட்டால் தாத்தாவிடம் அனுமதி வாங்கி வா என்று அனுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன். படகில் இயந்திரம் வைத்தது கட்டணத்தில் சேராது, துடுப்பு போடுகிறதுதான் சேரும். அம்மா இப்போதே பெட்டியை இறக்கிவிட்டாள், அதில் புடவைகளுக்கு நடுவே சின்ன மின்சார அடுப்பு ஒன்றைச் சுருட்டி வைத்திருந்ததைக் கண்டுபிடித்துப் பறிமுதல் செய்தேன். சமையலறையே இல்லாத இடமாக நான் உன்னிடம் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தது அதைச் சொல்லத்தான்.

அந்த மேலாளர் பெண்ணின் பதிலைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முகம் தெரியாத ஒருத்தி கொண்டி சரியில்லை என்று ஒத்துக்கொள்கிறாள், நான் மூன்று வருஷமாக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் மலையடிவாரத்தில் வாடகைக்கு வீடு எடுத்தோமே, எட்டுப் பேருக்கு ஒரே சமையலறை, ஒரே பாத்திரத் தொட்டி, காலையிலிருந்து இரவுவரை நீயும் அம்மாவும் அதன் முன்னால்தான் நின்றீர்கள். அண்ணி அந்தப் பக்கமே வரவில்லை. எனக்கு அது உறுத்தியது. ஐந்தாம் நாள் காலை உன் அண்ணன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான், நான் பக்கத்தில் போய் நின்று, உன் பொண்டாட்டி பாத்திரம் தேய்க்கிற பக்கமே வர்றதில்லன்னு ஒரு புகார் வந்திருக்குடா என்றேன். எங்கள் வேலையில் அப்படித்தான் பேசுவோம். நான் குறை கண்டேன் என்று சொன்னால் கடைக்காரன் நம்மிடம் சண்டைக்கு வருவான், புகார் வந்திருக்கிறது என்று சொன்னால் வேறு யார்மேலோ கோபப்பட்டுக்கொண்டு வேலையைச் செய்துவிடுவான். வீட்டிலும் அந்தச் சாமர்த்தியத்தைக் காட்டினேன். யாரு, அம்மாவா என்று கேட்டான். இல்லை என்றேன், அது உண்மை. அப்ப தங்கச்சியா என்றான். நான் குனிந்து டயரைப் பார்த்தேன். காத்து கம்மியா இருக்கு என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அண்ணிக்கு அப்போது இரண்டு மாதம். சோப்பு வாசனை பட்டாலே குமட்டிக்கொண்டு வந்ததாம், கடைசி நாள் எல்லோரும் சேர்ந்து உட்காரும்போது சொல்லலாம் என்று இருவரும் மனதுக்குள் வைத்திருந்தார்கள். அன்று மதியம் மாப்பிள்ளை எதிரில் அவன் உன்னைப் பார்த்து, இப்ப உனக்குத் திருப்திதானே என்று கத்திவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். நீ கையில் பிடித்த கரண்டியோடு உட்கார்ந்திருந்தாய். நான் என்னப்பா பண்ணேன் என்று என்னிடம் எத்தனை தடவை கேட்டிருப்பாய். ஒவ்வொரு தடவையும், அவன் கோபக்காரன், விடும்மா என்றேன். அவன் மன்னிப்புக் கேட்டால்தான் என்று நீயும், அவள் கேட்டால்தான் என்று அவனும் நின்றுவிட்டீர்கள், கேட்க வேண்டியவன் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். நீ எதுவும் செய்யவில்லை அம்மா. புகார் கொடுத்தது நான். என்னை மன்னித்துவிடு. வெட்கமாக இருக்கிறது, அதற்காக எழுதாமல் இருக்க முடியாது.

அம்மாவிடம் போன வாரம் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், முதல்ல அவன்கிட்ட நேர்ல போய்ச் சொல்லுங்க, அப்புறம் அவளுக்கு எழுதுங்க, கடலெல்லாம் அப்புறம் பாக்கலாம் என்றாள். நேற்று பஸ் பிடித்து அவனுடைய மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனேன். பின்கட்டில் உட்கார்ந்து யாருக்கோ கண்ணாடி வில்லை தேய்த்துக்கொண்டிருந்தான், இயந்திரத்தின்மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உட்காரக்கூட இல்லை, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், டயரைப் பார்த்தது வரைக்கும். அவன் தலை நிமிரவில்லை. வில்லை கையில் உடைந்துவிட்டது, அவன் கடையில் அப்படி ஆகி நான் பார்த்ததே இல்லை. இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கையைத் துணியில் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன், திட்டியிருக்கலாம், எனக்கும் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். மூணு வருஷம்ப்பா என்றான். முன்னால் வாடிக்கையாளர் மணியை அடித்துவிட்டுக் காத்திருந்தார், இவன் போகவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டான். அவளுக்கு இன்னும் அலைன்னா பயமாப்பா, நான் கையைப் பிடிச்சாத்தானே தண்ணியில கால் வைப்பா.

எனக்குத் தெரியலடா, அவகிட்டயே கேளு என்றேன். மேசைமேல் இருந்த போனைப் பார்த்தான், எடுக்கவில்லை. உன்னைப் பார்த்துக் கத்தியவன் அவன், எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று இருக்கிறது அவனுக்கு. நீ உடனே எல்லாவற்றையும் மறந்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, என்மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் படு, அது எனக்கு உரியது. அந்த மேலாளர் பெண் இந்த மாதம் இருபதாம் தேதிவரை மூன்று அறையையும் நமக்காக வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஒன்பது பேரும் வருவோம் என்று நான் அவரிடம் சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். பிள்ளைகள் இருவரையும் நான் கட்டிக்கொண்டதாக நினைத்து நீ ஒரு தடவை கட்டிக்கொள். நீங்கள் எல்லோரும் குறையில்லாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். விடுமுறைக்கு இந்த வாரமே ஆபீஸில் எழுதிக் கொடு, வெயில் தொப்பி வாங்க மறக்காதே. உன் அண்ணன் கடை எட்டு மணிக்கு மூடும், ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில்தான் இருப்பான். அவன் கேட்டதற்குப் பதில் உனக்குத்தான் தெரியும், நீயே சொல்லிவிடு.

இப்படிக்கு,
உங்கள் இருவருக்கும் அப்பா